புகை சொல்லும் செய்தி

தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் தென்கரைக் குப்பங்களில் படகு எந்திரங்களைச் செப்பனிடுவது என் தொழில். இங்குள்ள மீனவர் பலர், இறால் பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ என்னும் மரபின்படி முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். தமக்குரிய நாளில் எந்திரம் முடங்கினால் அன்றைய வருவாய் போயிற்று.

ஒருநாள் பெரியவர் ஒருவர் தம் பெட்ரோல் மோட்டாரைக் கொண்டுவந்தார். “தம்பி, கரும்புகையாய்க் கக்குகிறது, எண்ணெயையும் குடிக்கிறது, இழுவையே இல்லை. நாளை மறுநாள் எங்கள் பாடு” என்றார்.

பெட்ரோல் முற்றும் எரிய, அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்று குறைந்தாலோ எரிபொருள் மிகுந்தாலோ, முழுதும் எரியாதது கரும்புகையாக வெளியேறும். மிகையுணவு வலிமை தராது என்பது எந்திரத்திற்கும் பொருந்தும்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். எங்கள் தொழிலுக்கும் அதுவே இலக்கணம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நலமான எந்திரத்தில் அதன் முனை இளம்பழுப்பாக இருக்கும். இதிலோ உலர்ந்த கரி அப்பியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தினால் அன்றைக்கு ஓடும். விரைவில் மீண்டும் கரி படியும். கரி நோயன்று, நோயின் அறிகுறி.

சோக் தடையின்றித் திறந்தது, குறை அங்கில்லை. அடுத்துக் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தேன். அதனுள் பெட்ரோல் நிறைய நிறைய மிதவை உயரும். அப்போது ஓர் ஊசி மேலெழுந்து எரிபொருள் வழியை அடைக்கும். அவ்வூசியின் கூம்புமுனை தேய்ந்திருந்தது. வழி முழுதும் அடைபடாததால், பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. புதிய ஊசியை இட்டு, மிதவையின் உயரத்தைச் சரிபார்த்துப் பிளக்கையும் மாற்றினேன். கிண்ணத்தில் வடிந்த பெட்ரோலைக் குப்பியில் சேர்த்தேன். இறால் குஞ்சுகள் வளரும் நீரில் அது ஒரு துளியும் விழலாகாது.

எந்திரம் சீராக ஓடியது, புகை நின்றது. “பெட்ரோலை இன்னும் சற்றுக் கூட்டிவைத்தால் வேகம் கூடாதா?” என்றார் பெரியவர்.

“புகைதான் கூடும், ஐயா. கலவை அளவோடு இருக்க வேண்டும்.”

அவர் ஏரியைப் பார்த்தார். ஆரணியாற்றின் நன்னீரும் முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் கலப்பதால் வாழும் ஏரி அது. முகத்துவாரம் தூர்ந்தால் வலைகள் வெறுமையாகத் திரும்புவதை அவர் கண்டிருக்கிறார்.

“ஏரிக்கும் அதே கணக்குத்தான், தம்பி” என்று கூறி, மோட்டாரைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.