சிப்பிச் சுண்ணாம்பும் பனம்பாளையும்

திருச்செந்தூரைத் தாண்டி உடன்குடிப் பக்கம் போகும்போது மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. கடற்கரை வெண்மணல் பின்தங்கி, செக்கச்செவேலென்ற தேரி தொடங்குகிறது. காற்று குவித்த மணல்மேடுகள் இவை. மணலின் மேல் படிந்த இரும்புதான் அந்தச் சிவப்பு. எவ்வளவு மழை பெய்தாலும் நீர் மேலே நிற்காது, உள்ளே இறங்கிவிடும். நெல்லுக்கு ஆகாத இந்த நிலத்தில் பனை வேரை ஆழத்தில் விட்டுக்கொண்டு நிற்கிறது. பதநீருக்கும் கருப்பட்டிக்கும் பெயர்போன ஊர்கள் இந்தத் தேரியை ஒட்டித்தான் இருக்கின்றன.

பங்குனி மாதத்தில் ஒரு பனைவிளைக்குப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை; பனையேறி அண்ணாச்சி அதற்குள் நான்கைந்து மரம் ஏறி இறங்கியிருந்தார். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் கால்வைத்து எழும்பியவர், பிறகு மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே உச்சிக்குப் போய்விட்டார். மேலே பாளை அரிவாள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏன் இத்தனை அவசரம் அண்ணாச்சி?” என்று இறங்கியதும் கேட்டேன்.

“வெயில் ஏறிட்டா பதனி நமக்கு இல்ல தம்பி, புளிச்சிரும்” என்றார்.

அந்த ஒரு வரியில் தொழிலின் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளை நுனியிலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றப் பார்க்கும். சூடு கூடக்கூட அதன் வேகமும் கூடும். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் கள். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்க, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது.

இதே ஈஸ்ட்டை அதன் போக்கில் கடைசிவரை விடும் ஊர் ஒன்று உண்டு. பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் வடகோடியில், குளிர் மிகுந்த சாப்ளி. வசந்தகாலத்தில்கூட உறைபனி விழுந்து தளிரைக் கருக்கிவிடும் அந்த ஊரில் சார்டனே திராட்சை மெதுவாகத்தான் பழுக்கும். குளிர் காரணமாகப் பழத்தின் புளிப்பு குறையாமல் தங்கிவிடுகிறது. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்ப்பதால் ஒயினில் இனிப்பு மிஞ்சுவதில்லை. வெளிறிய நிறம், கூர்மையான புளிப்பு, நாவில் கனக்காத தன்மை, விழுங்கியபின் உப்புக்காற்றை நினைவூட்டும் ஒரு சுவை: இதுதான் சாப்ளியின் குணம். அங்கே குளிர் புளிப்பைக் காக்கிறது. இங்கே விடியற்காலையும் சுண்ணாம்பும் இனிப்பைக் காக்கின்றன.

சாப்ளிக் குன்றுகளில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிறு சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. தங்கள் ஒயினின் சுவைக்கு அந்தச் சிப்பி மண்தான் காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். கல் கரைந்து நேரே நாக்குக்கு வருவதில்லை என்கிறார்கள் மண்ணியலாளர்கள். நீரை எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு வடியவிடுகிறது, வேரை எத்தனை ஆழத்துக்கு இழுக்கிறது என்பவற்றின் வழியாகத்தான் மண் சுவையைத் தொடுகிறது. தேரிக்கும் இந்த விளக்கம் பொருந்தும். சிப்பி மட்டும் இங்கே வேறு வழியில் வந்து சேர்கிறது. முத்துக்குளிப்புக்குப் பெயர்போயிருந்த இந்தக் கரையில் கலயத்துக்குப் பூசும் சுண்ணாம்பு, கடல் சிப்பியையும் கிளிஞ்சலையும் சூளையில் சுட்டு நீற்றியது.

சுண்ணாம்பின் அளவுக்குக் கருவி ஏதும் கிடையாது. அண்ணாச்சி விரலில் தொட்டு, கலயத்தின் உள்ளே ஒரு சுற்று இழுத்தார். “குறைஞ்சா புளிக்கும். கூடினா கருப்பட்டி கறுத்து, ருசி கெட்டுப்போவும். மேகம் போட்டா ஒரு கணக்கு, காத்து அடிச்சா ஒரு கணக்கு” என்றார். பாளை சீவுவதும் அப்படித்தான். விரிவதற்கு முன்பே பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பல நாள் பக்குவப்படுத்த வேண்டும். ஆண்பனைக்கு ஒரு கடிப்பு, பருவப்பனை எனப்படும் பெண்பனைக்கு வேறு கடிப்பு. நீர் சொட்டத் தொடங்கியபின் காலையும் மாலையும் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே பருவம் முடியும்வரை ஒருநாள்கூட விடுப்பு இல்லை. ஒருவர் முப்பது, நாற்பது மரங்களை நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறார்.

பனையோலையில் பட்டை பிடித்து, இறக்கிய பதநீரை அதில் ஊற்றிக் கொடுத்தார். முதலில் தெரிந்தது இனிப்பு. அடுத்து ஓலையின் பச்சை வாசம், அதன் பின்னால் சுண்ணாம்பின் மெல்லிய காரம். நாக்கில் ஒட்டாமல் தொண்டை துலங்க இறங்கியது. மாலை இறக்கும் பதநீர் வெயிலைக் கடந்து வருவதால் வேறு மாதிரி இருக்கும் என்றார்கள். மாலைவரை இருந்து அதையும் குடித்தேன். இனிப்புக்கு அடியில் ஒரு துள்ளல் இருந்தது. ஒரே மரம், ஒரே நாள், இரண்டு சுவை. ஒயினுக்கு ஆண்டையும் குன்றையும் குறிப்பிட்டு நூல்கள் எழுதுகிறார்கள். நம் பதநீருக்கும் நேரமும் மண்ணும் மாதமும் உண்டு.

இறக்கியது விடிலிக்குப் போகிறது. ஓலை வேய்ந்த அந்தக் குடிசையில் அடுப்பின் முன் ஓர் அக்கா இருந்தார். உடைமர விறகும் காய்ந்த பனைமட்டையும் எரிந்துகொண்டிருந்தன. பதநீர் நுரைத்துப் பொங்கியபோது ஆமணக்கு விதைப் பொடியை ஒரு சிட்டிகை தூவினார், பொங்கல் அடங்கியது. மணிக்கணக்காகக் கிண்டியபின் துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்தார். பிறகு ஈர மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் பாகை ஊற்றினார். பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒன்றரைக் கிலோ கருப்பட்டி தேறுவதே அரிது. புளித்த பதநீர் ஒரு கலயம் கலந்தாலும் பாகு இறுகாது. மரத்தின் மேல் சுண்ணாம்பு பூசிய விரல் தவறினால், அடுப்படியில் இருப்பவரின் உழைப்பும் வீணாகும்.

அக்கா சொன்ன வருத்தம் வேறு. “சீனி கலந்து காச்சுறவன் எங்க வெலையில பாதிக்கு விக்கான். வாங்குறவங்க ரெண்டையும் ஒரே கருப்பட்டின்னுதான நினைக்காவ?”

1938இல் சாப்ளிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. வரையறுத்த நிலத்துக்கு வெளியே விளைந்த திராட்சையையோ, வேறு வகைத் திராட்சையையோ அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தமிழக அரசு 2021இல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையைக் கொண்டுவந்தபோது 76 லட்சம் பனை விதைகள் வழங்கவும், ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டத் தடை விதிக்கவும் அறிவிப்பு வந்தது. மரத்தைக் காக்க இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் இன்று ஊன்றும் விதை பாளை விடப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். அன்று அதில் ஏற ஆள் வேண்டும். நான் பார்த்த விளையில் ஏறிய எவரும் இளைஞரல்லர். விழுந்தால் உயிரோ இடுப்போ போகும். விழாமல் இருந்தாலும் நெஞ்சிலும் முழங்காலிலும் காய்ப்பு ஏறிவிடும். ஆண்டில் பாதி மாதங்களே வருமானம். மகனை இந்த வேலைக்கு அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

சட்டத்தின் அச்சமும் இருக்கிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. சுண்ணாம்பு குறைந்த கலயம் வெயிலில் புளித்துப்போனால், அது கள்ளா கெட்டுப்போன பதநீரா என்று விளக்கம் சொல்லும் பொறுப்பும் ஏறுகிறவர் தலையில்தான் விழுகிறது.

இந்தக் கரை ஒரு பெருந்தொழிலை ஏற்கெனவே இழந்திருக்கிறது. 1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் பழைய முறையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிப் பார்கள் வற்றியதும், மூச்சடக்கிக் கடலடிக்குப் போன திறமையும் சேர்ந்தே போயிற்று. பனைக்கு அந்த நிலை இல்லை. மரம் நிற்கிறது, பாளை விடுகிறது. குறைவது ஏறுகிறவருக்குக் கிடைக்கும் கூலியும் மதிப்பும். புவிசார் குறியீட்டோடு நில்லாமல் சந்தையில் தொடர்ந்து சோதனை நடத்த வேண்டும். சீனி கலந்ததை வேறு பெயரில்தான் விற்க வைக்க வேண்டும். பனையேறிகளுக்கு முழுமையான விபத்துக் காப்பீடும், பருவமில்லாத மாதங்களுக்கு உதவித்தொகையும் வேண்டும்.

வாங்குகிற நமக்கும் ஒரு கடமை உண்டு. மலிவான கருப்பட்டியைத் தேடாதீர்கள். எந்த விளை, யார் காய்ச்சியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில், அவர்கள் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பங்குனி சித்திரையில் இந்தப் பக்கம் வந்தால் காலை எட்டு மணிக்குள் வந்து பதநீர் குடியுங்கள். அந்த விலை கைக்கு வந்தால்தான் அடுத்த பருவத்துக்கும் அந்த மரத்தில் ஒருவர் ஏறுவார்.