தீவு விட்டுத் தீவு

கரீபியன் கடலில் டொமினிக்கா. அதன் பிக்கார்ட் கிராமம் மருத்துவ மாணவர்களை நம்பியே வாழ்ந்தது. வாடகை அறை, டாக்ஸி, சாப்பாட்டுக் கடை எல்லாம் அவர்களால்தான். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி வீசியது. ராஸ் பல்கலைக்கழகம் திரும்பி வரவே இல்லை; 2019-ல் பார்படோஸில் குடியேறிவிட்டது. அதற்கு முன்பே, 1995-ல் மான்ட்செராட் எரிமலை சீறியபோது இன்னொரு கல்லூரி சென்ட் மார்ட்டினுக்கு ஓடியிருக்கிறது.

கல்லூரி தீவு மாறலாம். மாணவர் கல்லூரி மாறுவதுதான் பெரும்பாடு. முதல் இரண்டு வருடம் தீவில் பாடம், பிறகு பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி. சின்னக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸைப் பார்த்து ஏங்குபவர் கணக்குப் போடுகிறார்: படித்த பாடங்களை அங்கே ஏற்பார்களா? இல்லையென்றால் மறுபடி முதல் செமஸ்டர், மேலும் டாலர் கடன்.

முன்பெல்லாம் அமெரிக்க லைசன்ஸ் தேர்வின் முதல் கட்டத்தில் மதிப்பெண்ணை அள்ளி, கல்லூரியின் பெயரை மறக்கடிக்கலாம். 2022 ஜனவரி முதல் அதில் பாஸ், ஃபெயில் மட்டுமே. மதிப்பெண்ணுக்கு இரண்டாம் கட்டம் வரை காத்திருக்க வேண்டும். பலர் மூட்டை கட்ட யோசிப்பதோ அதற்கு வெகு முன்பே, இரண்டாவது செமஸ்டரில்.