விளிம்பில் உரிந்த பூச்சு

நான் நடத்திய நுகர்வோர் வழக்குகளில் தொகையில் மிகச் சிறியது ஒரு நான்-ஸ்டிக் தோசைத் தவாவைப் பற்றியது. விலை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. வாங்கிய சில மாதங்களிலேயே கறுப்புப் பூச்சு செதில் செதிலாகக் கழன்று தோசையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்றார். கம்பெனியோ உத்தரவாத அட்டையில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டி, தவறாகப் பயன்படுத்தியதால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று கடிதம் போட்டது.

என்னிடம் வந்த அம்மாவுக்குப் பணம் பெரிதாகப் படவில்லை. “பேரன் இந்தத் தோசையத்தான் சார் தின்னுக்கிட்டிருந்தான். உள்ள போனது விஷமா இல்லையான்னு அவங்க வாயால சொல்லணும், அவ்வளவுதான்” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு நேரடியாக இடமிருக்கவில்லை. பொருளில் குறைபாடு உண்டா, அதனால் நஷ்டம் உண்டா என்றே மன்றம் முக்கியமாகப் பார்க்கும். மருத்துவச் சான்று இல்லாமல் பயத்தை நஷ்டமாகக் காட்டுவது கடினம், பையனோ நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தான். ஆகவே அவருடைய கேள்வியை ஒதுக்கிவைத்து, பூச்சு ஏன் உரிந்தது என்பதை மட்டும் மனுவில் எழுதினேன்.

எதிர்த்தரப்பு முதலில் பிடித்தது 13ஆம் பிரிவை. பரிசோதனை இல்லாமல் கண்டறிய முடியாத குறைபாடு என்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணத்தை முறையிட்டவரே முன்பணமாகக் கட்ட வேண்டும். மருந்துக்கும் உரத்துக்கும் இது தேவையான விதிதான். ஆனால் பாத்திரத்தின் விலையைவிட ஆய்வுக் கட்டணம் அதிகம் என்னும்போது, அதே விதி ஏழைகளைப் படியேறவிடாமல் தடுத்துவிடுகிறது. ‘பரிசோதனை இல்லாமல் கண்டறிய முடியாத’ என்ற நிபந்தனையையே நான் பிடித்துக்கொண்டேன். கண்ணுக்கே தெரிகிற குறைபாட்டுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு?

அடுத்த வாதம் கனமானது. காலித் தவாவைப் பெரிய தீயில் காயவைத்தால் பூச்சு கெடும் என்றார்கள். அறிவியல் அவர்கள் பக்கம்தான். டெஃப்லான் என்று நாம் சொல்லும் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் கெட ஆரம்பிக்கும். 350ஐத் தாண்டினால் சிதைந்து நச்சுப் புகை விடும். அந்தப் புகை மனிதருக்குக் காய்ச்சல் போன்ற உபாதையைத் தரும், கூண்டுக் கிளியைக் கொன்றேவிடும். காலித் தவா பெரிய அடுப்பில் சில நிமிடங்களிலேயே 260ஐத் தொடும். நம் வீடுகளிலோ கல்லைக் காயவைத்து, தண்ணீர் தெளித்து, துளி சுர்ரென்று ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மாவை ஊற்றுவோம். இரும்புக் கல்லுக்கு அதுதான் முறை. தோசைத் தவா என்று பெயரிட்டுத் தமிழ்நாட்டில் விற்பவர், வாங்குபவர் அப்படித்தான் செய்வார் என்று அறிந்தே விற்கிறார். எனவே கூடாது என்றால் சொல்லிக் கொடுக்கும் கடமையும் அவருடையதே என்று வாதாடினேன்.

மன்ற உறுப்பினர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அன்று இருந்த அம்மையார் தவாவோடு வந்த பயன்பாட்டுக் குறிப்புத்தாளை வாங்கிப் பார்த்தார். “இதை எந்த மொழியில் சொல்லியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் என்று பதில் வந்தது. பிறகு தவாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விளிம்போரம் விரலால் தடவினார். செதில் விரலோடு வந்தது. தீ அதிகம் படாத, கரண்டியே போகாத இடம் அது. சூடோ கீறலோ காரணமென்றால் நடுப்பகுதிதான் முதலில் போயிருக்க வேண்டும்.

தீர்ப்பு அந்த விளிம்பை வைத்தே அமைந்தது: பூச்சு உலோகத்தில் சரியாகப் பிடிக்கவில்லை, தயாரிப்புக் குறைபாடு, விலையைத் திருப்பித் தருக, இழப்பீடும் செலவுத்தொகையும் தருக. மொழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு காரணம் போதுமென்றால் மற்றதற்குள் போகாமல் இருப்பது மன்றங்களின் வழக்கம், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மொழிக் காரணத்தில் தீர்ந்திருந்தால், அந்தக் குறிப்புத்தாள் தமிழில் அச்சாகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த அம்மாவின் கேள்விக்கு நானே படித்துப் பதில் சொன்னேன். விழுங்கிய செதில் உடலோடு வினைபுரியாது, அப்படியே வெளியேறிவிடும். அபாயம் இருந்தது வேறிடத்தில்: அந்தப் பூச்சுப் பொருளைத் தயாரிக்கப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தில். முடிந்த பாத்திரத்தில் அது மிகச் சொற்பமே எஞ்சும். அதற்குப் பலியானவர்கள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பார்க்கர்ஸ்பர்க் அருகே டூபாண்ட் ஆலையைச் சுற்றி அது கலந்த குடிநீரைக் குடித்த மக்கள். வழக்கறிஞர் ராபர்ட் பிலாட் 2001இல் தொடுத்த கூட்டு வழக்கால் அமைந்த அறிவியல் குழு, சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று 2012க்குள் கண்டறிந்தது. 2017இல் சுமார் 3,550 வழக்குகள் 67.1 கோடி டாலருக்குச் சமரசமாயின. இன்று பெட்டியில் ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’ என்று போடுவது அந்தப் போராட்டத்தின் பலன். அது நல்ல சேதி. ஆனால் பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லாது.

அதை எடையும் அடிப்பாகமும்தான் சொல்லும். கையில் கனக்கிற, அடி தடித்துச் சமமாக இருக்கிற பாத்திரம் சூட்டைப் பரவலாக வாங்கும், வளையாது. செராமிக் பூச்சு அதிகச் சூட்டைத் தாங்கினாலும் அதன் வழுவழுப்பு சீக்கிரம் போய்விடும். 2024இல் பிறந்த தரக் கட்டுப்பாட்டு ஆணை அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது, அதற்குரிய ஐ.எஸ். 1660 தரநிலையில் நான்-ஸ்டிக் பூச்சுள்ளவையும் அடங்கும். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். சிறு தீ, மரக் கரண்டி, ஆறிய பிறகு கழுவுதல் ஆகிய மூன்றும் இருந்தால் நல்ல பூச்சு வருடக்கணக்கில் வரும். முறுகல் தோசைக்கு மட்டும் இரும்புக் கல்லையே நம்புங்கள்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்தப் போதிய அறிவுரை தராத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. படித்ததும் அந்த அம்மாவைத்தான் நினைத்தேன். ஆனால் அதே சட்டம் ‘தீங்கு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் பொருளுக்கே நேரும் சேதம் சேராது. எனவே உடம்புக்கு எதுவும் ஆகாமல் பூச்சு மட்டும் போனவர், இன்றும் அந்த அம்மா வந்த பழைய பாதையில்தான் குறைபாட்டை நிரூபிக்க வேண்டும். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் குறிப்புத்தாளையும் பத்திரப்படுத்துங்கள். உரிய ஆரம்பித்த தவாவில் சமைப்பதை நிறுத்துங்கள். ஆனால் தேய்த்துக் கழுவாமல், தூக்கிப் போடாமல், அப்படியே வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.