செராய் டாக்டரம்மாவும் என் தம்பியும்

கொச்சிக்கு மாற்றலாகி வந்து ஏழு வருஷம் ஆச்சு. வீடு மட்டாஞ்சேரியில, வேலை எர்ணாகுளம் பிராட்வே பக்கத்துக் கிளையில. துபாய், சிங்கப்பூர்ல இருக்கிறவங்க "இதெல்லாம் ஒரு வெளியூரா?"ன்னு சிரிப்பீங்க. சிரிச்சுக்கங்க :-) ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு ஊர்ல இருந்து போன் வந்தா முந்நூறு கிலோமீட்டரும் மூவாயிரம் கிலோமீட்டரும் ஒண்ணுதான். உடனே போய் நிக்க முடியாது, அவ்வளவுதான்.

2021-ல அப்படி ஒரு போன் வந்துச்சு. சித்தப்பா பையன், எனக்குப் பத்து வயசு இளையவன், முயல் வேட்டைக்குப் போன இடத்துல கிணத்துல விழுந்துட்டான்.

எங்க ஊர் களக்காட்டுக்குக் கிழக்கே. அறுப்பு முடிஞ்ச வயக்காட்டுல, நெத்தியில பேட்டரி லைட்டைக் கட்டிக்கிட்டு, ரெண்டு நாயோட நாலு பேரு கிளம்பிருவாங்க. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஊர்ல யாரும் அதைக் குற்றமா நினைச்சுப் பழகலை. வெளிச்சத்துல முயலோட கண்ணு மட்டும்தான் தெரியும், தரை தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு, தண்ணியும் இல்லை. விழுந்தவனுக்கு உயிர் இருந்துச்சு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

கூட வந்த பயலுக அழுதுக்கிட்டே கையையும் காலையும் பிடிச்சு மேலே தூக்கியிருக்கானுங்க. பாசத்துல செஞ்சதுதான், யாரையும் குறை சொல்லலை. ஆனா இதைப் படிக்கிறவங்க ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்லி வைங்க: உயரத்துல இருந்து விழுந்தவரை அப்படித் தூக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் மடங்காம, பலகையில நேரா படுக்க வச்சுதான் கொண்டு போகணும். முறிஞ்ச முதுகெலும்பு அசைஞ்சா உள்ளே இருக்கிற தண்டுவடத்துல அடி கூடிரும்.

ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. வயசு முப்பத்தொண்ணு. பொண்டாட்டி, மூணு வயசுல ஒரு பொட்டப்பிள்ளை. அதுக்கப்புறம்தான் ஆறுதல் சொல்ல ஆள் வர ஆரம்பிச்சாங்க.

"வாயில்லாச் சீவன் பாவம் சும்மா விடுமா" ஒரு பெரியம்மா. "சுடலைக்கு நேர்ந்த கடா பாக்கி இருந்துச்சுல்லா" ஒரு மாமா. "எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோ" வாத்தியார் ஒருத்தர். கழுத்து வரைக்கும் போர்வையைப் போர்த்திப் படுத்துக் கிடக்கிறவன்கிட்ட இதுல என்ன நல்லதைக் கண்டாரோ! பக்கத்து ஊர் ஜெபக் கூட்டத்துல இருந்தும் வந்தாங்க. தலையில கை வச்சு, "விசுவாசிச்சா எழுந்து நடப்பே"ன்னாங்க. நடக்கலை. அப்போ விசுவாசம் பத்தலைன்னு அர்த்தம். ஆக, எந்தப் பக்கம் போனாலும் தப்பு இவன் தலையில.

நான் லீவு போட்டுப் போயிருந்தப்போ தம்பி சொன்னான்: "வாரவுக எல்லாம் கணக்குப் பாக்கத்தான் வாராக அண்ணே. ஒருத்தரும் பக்கத்துல சும்மா உக்கார மாட்டேங்காக."

நான் காமர்ஸ் படிச்சவன், கணக்குதான் எனக்குச் சோறு போடுது. பேங்க்ல, எங்கே எழுதணும்னு தெரியாத தொகை வந்தா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வைப்போம். அதை ரொம்ப நாள் விட்டு வச்சா ஆடிட்டர் குடைவார், எப்படியாவது ஒரு தலைப்புல எழுதி முடிக்கச் சொல்வார். அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் ஆடிட்டர் மாதிரிதான் வந்தாங்க. "எனக்கு ஏன்?"ங்கிற அந்தத் தொகையை எதாவது ஒரு தலைப்புல எழுதி முடிச்சிரணும் அவங்களுக்கு. எழுதி முடிச்சா அவங்க நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். படுத்துக் கிடக்கிறவனுக்கு அப்படி எழுந்து போக முடியாதே!

அந்த வருஷக் கடைசியில வேலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். பாகாயத்துல சி.எம்.சி.யோட மறுவாழ்வு மையம் இருக்கு. சாய்வுப் பலகையில நிக்கப் பழகுறது, கையை ஊன்றிக் கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு மாறுறது, மூத்திரப் பையைக் கவனிக்கிறதுன்னு எல்லாம் பழக்கினாங்க. உணர்ச்சி இல்லாத உடம்புல படுக்கைப்புண் வந்தா வலிக்காது. வலிக்காததாலதான் அது ஆபத்து. அதனால படுத்திருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரண்டு படுக்கணும், உக்கார்ந்திருந்தா கால் மணிக்கு ஒருக்கா கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கணும்.

இதை அவன் மண்டையில ஏத்தினது பக்கத்துக் கட்டில்காரர். தச்சு வேலை செஞ்சவர், ஒன்பது வருஷம் முன்னாடி கூரையில இருந்து விழுந்தவர். தம்பிகிட்ட "ஏன் விழுந்தே, எப்படி விழுந்தே"ன்னு அவர் கேக்கவே இல்லையாம். "கைய ஊனு, தூக்கு, பத்து வரைக்கும் எண்ணு." இவ்வளவுதான். ராத்திரி விளக்கை அணைச்சதும் மெதுவா ஜெபம் பண்ணுவாராம். ஒரு நாள் இவன் கேட்டிருக்கான், "தினமும் என்னத்தைக் கேக்கீக?" அவர் சொன்னாராம், "கேக்கறது எல்லாம் முதல் ரெண்டு வருஷத்தோட முடிஞ்சுது தம்பி. இப்போ அன்னன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார், அது போதும்."

நாலாவது நாள் இவனும் கூடச் சேர்ந்து கண்ணை மூடியிருக்கான்.

அந்த வாரம்தான் போன்ல கேட்டான். "அண்ணே, இந்த இடத்தை உண்டாக்கின டாக்டரம்மாவும் சக்கர நாற்காலியிலதான் இருந்தாகளாம். உங்க கொச்சிக்காரவுகளாம். செராயின்னு ஒரு ஊர் இருக்கா?"

இருக்காவா! வைப்பின் தீவோட வடக்குப் பகுதியில, ஞாயித்துக்கிழமை பசங்களைக் கூட்டிக்கிட்டு நாங்க போற பீச் அது. இத்தனை வருஷம் கடலையும் சுண்டலையும் மட்டும்தான் பார்த்திருக்கோம். அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல செராயில வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தவங்க. எர்ணாகுளம் மகாராஜாஸ் காலேஜ்ல படிச்சவங்க. எங்க பிராட்வேல இருந்து நடந்தே போயிரலாம் அந்தக் காலேஜுக்கு. இப்போ இருக்கிற கோஸ்ரீ பாலங்கள் 2004-ல வந்தவை. அந்தக் காலத்துல வைப்பின்காரங்க போட்ல காயலைக் கடந்துதான் எர்ணாகுளம் வரணும். அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு டாக்டர் படிப்பு. நாம இங்கே பிழைக்க வந்த மாதிரி, அவங்க நம்ம ஊருக்குப் படிக்க வந்தவங்க.

1954 ஜனவரியில சக டாக்டர்களோட உல்லாசப் பயணம் போன வண்டி கவுந்துச்சு. முகத்துல பெரிய காயம், தண்டுவடத்துல அடி, இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. பிரசவமும் பெண்கள் நோயும் பார்க்கணும்னு ஆசைப்பட்டவங்க. வயசு இருபத்தெட்டு, இருபத்தொம்பது. ஏறக்குறைய என் தம்பி வயசு.

அவங்க பிறந்ததில இருந்தே கிறிஸ்தவங்க. அதனால கஷ்டம் சுலபமா இருந்துச்சுன்னு நினைச்சிராதீங்க. அடி பட்டப்போ அந்த நம்பிக்கையையும் முதல்ல இருந்து கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சமயத்துல தொழுநோயாளிகளோட கையைச் சரி பண்ற அறுவைச் சிகிச்சையில பேர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் வேலூர்ல இருந்தார். கை அறுவையை உக்கார்ந்துக்கிட்டே செய்யலாமேன்னு வழி காட்டினவர் அவர்தான். சக்கர நாற்காலியில ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போய், உக்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட மடங்கிப் போன விரல்களை நிமிர்த்தினாங்க இந்த அம்மா. தனக்குக் கால் திரும்பலை. ஆனா இன்னொருத்தர் சோத்தைத் தானே அள்ளித் திங்கற மாதிரி ஆச்சு.

அதோட விடலை. ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போய்த் தனக்கான பயிற்சி, பிறகு நியூயார்க்ல மறுவாழ்வு மருத்துவப் படிப்பு. திரும்பி வந்து 1963-ல வேலூர்ல அந்தத் துறைக்குத் தலைமை ஏத்தாங்க. 1966-ல பாகாயத்து மையம் தொடங்கிச்சு. 1972-ல பத்மஸ்ரீ. 1986-ல காலமானாங்க. என் தம்பி கையை ஊன்றிப் பத்து வரைக்கும் எண்ணின அந்த இடம், கால் வராதுன்னு தெரிஞ்ச ஒரு செராய்ப் பொண்ணு உண்டாக்கினது.

இதைப் படிச்சதும் எங்க ஊர்ப் பக்கத்து டோனாவூர் ஞாபகம் வந்துச்சு. அயர்லாந்துல இருந்து வந்து அங்கே குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல எங்க களக்காட்டுல, மங்கின வெளிச்சத்துல, தோண்டிப் போட்டிருந்த குழியில விழுந்தாங்க. கால் முறிஞ்சு, முதுகும் கெட்டு, 1951-ல சாகிற வரைக்கும் பெரும்பாலும் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான். அந்தக் கட்டில்ல இருந்தே பத்துக்கும் மேல புத்தகம் எழுதினாங்க. அதுல ஒண்ணு நோயாளிகளுக்காகவே எழுதினது. நல்லா இருக்கிறவங்க நோயாளிக்கு எழுதற ஆறுதல் தனக்கு ஒட்டலைன்னும், அதனால நோயாளியா இருந்துக்கிட்டே நோயாளிக்கு எழுதறேன்னும் அதுல சொல்றாங்க. தம்பி சொன்ன அதே விஷயம். தொண்ணூறு வருஷம் முன்னாடி, பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி.

இதுக்கு நடுவுல ஊர்ல வேற ஒரு புயல். தம்பி வேலூர்ல இருந்து பைபிளோட வந்து இறங்கிட்டான். சித்தி அழுகை. சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏ மூத்தவனே, முடியாத பயல மதம் மாத்திட்டானுவ. நீ படிச்சவன், பேங்க்குக்காரன். நீ சொன்னா கேப்பான். வந்து பேசு."

போனேன். திண்ணையில சக்கர நாற்காலியில இருந்தான், மடியில மகள். நான் நேரா கேட்டேன், "ஏலே, பிடிச்சுத்தான் போறியா, இல்ல யாரும் ஆசை காட்டினாங்களா?"

"ஆசை காட்டினவுக அண்ணைக்கே வந்தாகல்லா, நடப்பேன்னு. அது கிட்ட நான் போகலையே! இதுல யோபுன்னு ஒருத்தர் கதை இருக்கு. எல்லாம் போன பொறவு சினேகிதமாரு வந்து ஏழு நாளு வாயத் தொறக்காம கூட உக்காந்திருக்காக. அது வரைக்கும் சரியா இருந்துச்சு. பேச ஆரம்பிச்ச பொறவுதான் கெட்டுச்சு. நம்ம வீட்டுக் கதைதான் அண்ணே அது."

நாஞ்சில் நாட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த யோபு புதுசில்லை. 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், சொத்தும் மாடும் நஷ்டப்பட்டு மனசு நொந்திருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்குச் சொன்னதும் இந்தக் கதைதான்னு சொல்வாங்க. அவர்தான் 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கின தேவசகாயம் பிள்ளை. 2022-ல அவரைப் புனிதர்னு ரோம்ல அறிவிச்சாங்க.

நான் நெல்லையப்பரைக் கும்பிடறவன். இன்னிக்கும் அப்படித்தான். சித்தப்பாகிட்ட இவ்வளவுதான் சொன்னேன்: "சித்தப்பா, ரெண்டு வருஷமா நாம எல்லாரும் அவனுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தோம். அவன் கேட்டது துணை. அது எங்கே கிடைச்சுதோ அங்கே இருக்கட்டும். ராத்திரி தூங்குறான்லா?"

சித்தப்பா ரொம்ப நேரம் பேசலை. "தூங்குதான்"னார்.

இப்போ முக்குல செல்போன் ரிப்பேர்க் கடை வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு அவனை ஆட்டோவுல ஏத்தி விடறது சித்திதான். ஏத்தி விட்டுட்டு வந்து சுடலை மாடத்துல விளக்குப் போடுவாங்க. ரெண்டுக்கும் ஒரே தீப்பெட்டிதான் வீட்டுல.

"ஏன்?"ங்கிற கேள்வி அவனுக்குத் தீர்ந்துருச்சுன்னு நினைக்காதீங்க. சில ராத்திரி இன்னும் கேக்குறான். போன மாசம் பனையில இருந்து விழுந்த ஒரு பையனைப் பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னானாம். அங்கே போய் விழுந்த கதையும் கேக்கலை, சாமி கதையும் பேசலை. "கைய ஊனு, தூக்கு, பத்து வரைக்கும் எண்ணு"ன்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டு, சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்துட்டு வந்திருக்கான்.

தூரத்துல இருக்கிற நமக்கு, பக்கத்துல உக்கார வழியில்லை. ஊர்ல உங்க வீட்டிலயும் இப்படிக் கிடக்கிற ஒருத்தர் இருக்கலாம். போன் பண்ணுங்க, காரணம் தேடாதீங்க. இன்னிக்கு என்ன சாப்பிட்டேன்னு கேளுங்க. அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டே இருங்க.