கறுப்பு வெள்ளையில் எட்டு நிறம்

மாமா சிங்கப்பூரிலிருந்து கடைசியாகக் கப்பலில் வந்தது 1984இல். அடுத்த பிப்ரவரியில் அந்த எம்.வி. சிதம்பரம் கடலில் தீப்பிடித்துக்கொண்டது. பிறகு வந்ததெல்லாம் விமானத்தில்தான். அந்தக் கடைசிக் கப்பலில் அவர் இறக்கிய பெட்டியில் கோடாலித் தைலம், பாட்டிக்குப் புடவை, ஒரு டூ-இன்-ஒன், எல்லாவற்றுக்கும் அடியில் நோட்டுப்புத்தக அளவில் கறுப்பாக ஒரு சாமான். நாற்பது ரப்பர் கட்டைகள். வலது மூலையில் சாய்வாக நாலு வண்ணப் பட்டை. சுங்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிற பொருள் என்று சொல்லிக் கொண்டுவந்துவிட்டாராம். அப்படியொன்றும் பெரிய பொய்யில்லை.

அது சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், 48கே. கிளைவ் சின்க்ளேர் 1982இல் இங்கிலாந்தில் 175 பவுனுக்கு விற்கத் தொடங்கிய வீட்டுக் கம்ப்யூட்டர். மானிட்டர் கிடையாது, வீட்டு டிவிதான் திரை. டிஸ்க் கிடையாது, பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர்தான் சேமிப்பு. ஆக, அதை வாங்கிய வீட்டில் டிவியும் டேப் ரெக்கார்டரும் இருந்தே ஆகவேண்டும். எங்கள் பெரும்புதூரில் இரண்டும் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெங்களூர் ட்ரங்க் ரோட்டில் லாரிகள் ஊரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போகும். ஆதிகேசவப் பெருமாள் கோயில் உற்சவத்துக்குத்தான் வெளியூர்க் கூட்டம் வரும். ஒரகடம் என்றால் ஒரு கூட்டுரோடு, நாலு டீக்கடை, மிச்சமெல்லாம் ஏரித் தண்ணீரை நம்பிய வயல்.

மாமா டிவியின் ஆன்டெனா ஓட்டையில் ஒயரைச் செருகிவிட்டு ட்யூனரைத் திருகோ திருகு என்று திருகினார். புள்ளி மழைதான். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ கடை வைத்திருந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தோம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. ஆனால் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்ததும் விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்த மெஷின் படத்தை யூ.எச்.எஃப். அலைவரிசையில் 36ஆம் சேனலில் அனுப்புகிறது. டயனோரா, சாலிடேர் என்று மெட்ராஸிலேயே செய்து நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள் தூர்தர்ஷனை நம்பிப் பிறந்தவை, பெரும்பாலானவற்றுக்கு வி.எச்.எஃப். தாண்டி ஒன்றும் தெரியாது.

"இத கழட்டணும் சார். உள்ள தகரப் பொட்டி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள போறதுக்கு முன்னாடியே படத்த எடுத்துட்டா போதும்" என்றார்.

மாமாவின் முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கடல் கடந்து கொண்டுவந்த பொருளில், பிரித்த இரண்டாம் நாளே ஒருவர் சால்டரிங் அயர்னை வைக்கப்போகிறார். ஆனால் அண்ணன் அவசரப்படுகிற ஆளில்லை. எங்கள் வீட்டு டிவியைப் பின்மூடி கழற்றிப் பார்த்துவிட்டு, "இது வேணாம். இதோட சேசிஸ்லயே மெயின்ஸ் கரண்ட் ஓடுது. இதுல ஒயரக் கோத்தா கம்ப்யூட்டரும் போவும், பையனும் போவான்" என்று என்னைக் காட்டினார். கடையிலிருந்து பேட்டரியிலும் ஓடக்கூடிய சின்ன டிவி ஒன்றைக் கொண்டுவந்து அதன் வீடியோ பகுதிக்கு நேராக ஒயர் இழுத்தார். திரை சாம்பலாகி, அடியில் '© 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்' என்று ஒரு வரி வந்து நின்றது. சத்தத்துக்கு டிவி தேவைப்படவில்லை. மெஷினுக்குள்ளேயே ஒரு சுண்டைக்காய் ஸ்பீக்கர் இருந்தது.

அடுத்த தலைவலி கேசட். பெட்டியோடு வந்த ஹொரைஸன்ஸ் கேசட்டில் நரியும் முயலும் பெருகிக் குறைவதைக் காட்டும் ப்ரோகிராம் ஒன்று, பந்தால் சுவரை உடைக்கும் விளையாட்டு ஒன்று. ஜே கட்டையை அழுத்தினால் லோடு என்ற முழுச் சொல்லும் தானாக வரும். பிறகு இரண்டு மேற்கோள் குறி, என்டர். டேப்பை ஓட்டினால் முதலில் ஒரே சுருதியில் நீளமாக ஒரு கூவல், அப்புறம் தேய்ந்த பிரேக்கோடு பஸ் நிற்கிற மாதிரி ஒரு கிறீச்சல். எல்லாம் கூடி வரும்போது 'டேப் லோடிங் எர்ரர்'. மறுபடி முதலிலிருந்து. பெரிய ப்ரோகிராம் என்றால் ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இதற்கும் அண்ணன்தான். டேப் ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை அது தீர்மானிக்கும். சற்றுச் சாய்ந்தால் மேல் ஸ்தாயி மங்கும். பாட்டில் அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கிறீச்சலின் கூர்மை ஏறுகிற வரை ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைக்கால் திருகு திருகுவார். "ட்ரெபிள ஃபுல்லா ஏத்து. வால்யூம் முக்கால்ல நிக்கட்டும், கை வைக்காத." ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதிய அருமையான கையேட்டை மாமா அகராதி வைத்துக்கொண்டு படித்தார். ஆனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு ப்ரோகிராமும் ஏறியது அந்தக் காதின் தயவில்தான். கம்ப்யூட்டர் காலத்தை ஆரம்பித்து வைத்தவர்கள் பட்டியலில் ரேடியோ மெக்கானிக்குகளுக்கு ஒருவரும் இடம் தருவதில்லை என்பது எனக்குத் தீராத மனத்தாங்கல்.

வெற்றுக் கேசட் அகப்படாத ஒரு நாள், நான் எழுதிய பெருக்கல் வாய்ப்பாட்டுப் ப்ரோகிராமை மாமா பாட்டியின் சுப்ரபாதக் கேசட்டின் கடைசியில் பதிந்துவிட்டார். விடிகாலை, பாட்டு முடிந்த கையோடு அந்தக் கூவல் தொடங்க, பாட்டி பூஜையறையிலிருந்தே "ராட்சச மெஷினே!" என்று கத்தினாள். திட்டு மெஷினுக்கா மாமாவுக்கா என்று வீட்டில் கொஞ்ச நாள் விவாதம் நடந்தது.

கட்டைகளுக்கு மேலே எட்டு நிறங்களின் பெயர்கள் அச்சிட்டிருக்கும். எங்கள் டிவியோ கறுப்பு வெள்ளை. நான் ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பார்த்தேன்: கறுப்பு, நீலம், சிவப்பு, மெஜந்தா, பச்சை, சையான், மஞ்சள், வெள்ளை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி வெளுப்பான சாம்பலாக வந்தது. வண்ண டிவி இல்லாதவனுக்கும் வேறுபாடு தெரியட்டும் என்று வெளிச்ச வரிசையில்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவர் என்னைப் போன்ற ஒரு பையனையும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன். டேப் ஏறும்போது திரையோரம் ஓடும் நீலமும் மஞ்சளும் எனக்குக் கரியும் சுண்ணாம்பும்தான்.

யாராவது பம்ப்செட் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கும். அடித்ததெல்லாம் போய் மறுபடி '© 1982'. அதனால் எதையும் முதலில் நோட்டில் எழுதிவிட்டே கட்டையைத் தொடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அதே 1984–85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. அக்கார்ன் கம்பெனியின் மெஷின். மொஹாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை யூனிகார்ன் என்ற பெயரில் இங்கேயே செய்தது. எங்கள் பள்ளிக்கு வரவில்லை. ராஜீவ் காந்தி கம்ப்யூட்டரைக் கொண்டுவருகிறார் என்று செய்தித்தாளில் படிப்போம். 1991 மே 21 இரவு அவர் எங்கள் ஊருக்கே வந்து, இங்கேயே கொல்லப்பட்டார். அதற்கு முன்பே மாமா ஸ்பெக்ட்ரத்தை விற்றுவிட்டிருந்தார். விமான டிக்கெட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது.

ஆகவே என்னிடம் இப்போது இருப்பவை எல்லாம் அடுத்தவர் வீட்டு மெஷின்கள். ரிச்சி தெருவில் அகப்பட்டது ஒன்று. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பிபிசி மைக்ரோ ஒன்று. பழசான அந்த வகையின் பவர் சப்ளையில் உள்ள கபாசிட்டர்கள் வெடிப்பு விட்டிருக்கும், மாற்றாமல் கரண்டு கொடுத்தால் வீடெல்லாம் புகை. ஸ்பெக்ட்ரம் என்றால் விசைப்பலகைக்கு அடியில் உள்ள மெல்லிய தாள் காய்ந்து நொறுங்கும். கீழ் 16கே நினைவகச் சில்லுகள் சாகும். மேல் 32கே கதை இன்னும் சுவையானது. 64 கிலோபிட் சில்லுகளில் ஒரு பாதி வேலை செய்யாதவற்றை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். இப்போது இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடித்து வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. "ரிஜெக்ட் பீஸையா போட்டு வித்தாங்க?"

இந்தத் தொழிற்சாலைத் தடத்துக்கும் பிபிசி மைக்ரோவுக்கும் ஒரு சொந்தம் உண்டு. அக்கார்ன் 1985இல் செய்த முதல் ஆர்ம் ப்ராசஸரை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். 2006இல் எங்கள் ஊரில் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் நின்றுபோன நோக்கியா தொழிற்சாலையின் போன்களுக்குள் இருந்தது அந்த வம்சம்தான். இன்று ஃபாக்ஸ்கான் கோக்கும் ஐபோனுக்குள் இருப்பதும் அதே வம்சம்.

அக்கா மகள் நோக்கியாவில் வேலை பார்த்தவள். அவளுடைய பழைய போனில்தான் இப்போது கேசட் ஒலிகளைக் கோப்பாக வைத்திருக்கிறேன். ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஸ்பெக்ட்ரத்தின் காதுக்கு ஒரு ஒயர். டேப் இல்லை, ஹெட் இல்லை, திருக ஸ்க்ரூ இல்லை. ஆனாலும் ஏற மறுத்தது. மெக்கானிக் அண்ணனுக்கு வயதாகிவிட்டது, கடை இல்லை. வீட்டுக்குப் போய்க் காட்டினேன். போனைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"சத்தம் பத்தல. நடுவுல ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போடணும்" என்றார். "ஐ.சி. எழுதித் தரேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வா. ரெண்டா வாங்கு, ஒண்ணு டூப்ளிகேட்டா இருக்கும்."