கண் பார்த்தது

சாளரத்தில் ஒரு காகம் வந்தமர்ந்தது. பாடத்தை விட்டு அதனை நோக்கிய சிறுவனைப் பிரம்பால் அடித்தோம். “நான் பார்க்கவில்லை, ஐயா, கண்தான் பார்த்தது” என்றான். அவ்விடைக்கும் ஓரடி கொடுத்தோம்.

அவன் கூற்றில் மெய்யுண்டென்பதைப் பின்னரே படித்தறிந்தோம். பக்கத்தே ஏதேனும் தோன்றியவுடன் நடுமூளையிலுள்ள சிறு மேடுகள் கண்ணை அங்கே திருப்ப முயல்கின்றன. அதனைத் தடுத்தாள்வதிற் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடலுக்குரியது. தோன்றும் ஒளிக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு பணிக்குஞ் சோதனையை 1978 இல் ஹலெற் என்பார் வெளியிட்டார். 1985 இல் வந்த ஆய்வொன்றில், வலிப்பு நோய்க்காக முன்மடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டோர் பன்முறை ஒளியையே நோக்கினர். சிறுவரும் அடிக்கடி தவறுவர்; அக்கடிவாளம் வாலிபப் பருவம்வரை வலுப்பெற்று வருவதொன்று.

அவனுக்கு அன்று வயது 11. இன்று அவர் பழைய மாணவர்; இம்மலர் அவர் கைக்கும் எட்டும். காகத்தை முதலிற் பார்த்தவர் யாமே என்பதை அவருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.