லிட்டருக்கு அறுபது

தமிழ்நாட்டில் மைல் கற்கள் கிலோமீட்டர் கற்களாக மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் 'மைலேஜ்' என்னும் சொல் நம்மை விட்டுப் போகவில்லை. புதிதாக வண்டி வாங்கியவரிடம் உறவினர் கேட்கும் முதற் கேள்வி விலையைப் பற்றியது என்றால், இரண்டாவது கேள்வி "எவ்வளவு கொடுக்குது?" என்பதாகவே இருக்கும். இந்தக் 'கொடுக்குது' என்னும் வினையை நான் வியப்போடு கவனிப்பதுண்டு. பசு பால் கொடுக்கிறது. நிலம் விளைச்சல் கொடுக்கிறது. வண்டி மைலேஜ் கொடுக்கிறது. கொடுப்பது வண்டியின் பிறவிக்குணம் என்றே நம் பேச்சுமொழி கருதுகிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக, மாமல்லபுரம் பக்கமுள்ள கல்லூரிக்கு நான் ஓட்டிச் செல்லும் பழைய ஸ்கூட்டரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையும்கூட. நாற்பத்தைந்து கொடுக்கும் வண்டி, சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் நாற்பது கொடுக்கும். அவ்வளவே வேறுபாடு.

ஆனால் இதே வினைச்சொல் ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கக்கூடும் என்பதைக் கடந்த ஆண்டுதான் கண்டேன்.

செங்கல்பட்டுக்காரர்களுக்குச் சொகுசுக் கார்கள் புதியவை அல்ல. பரனூர் அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஆலை 2007 முதல் இயங்கி வருகிறது. எனினும் அந்நிறுவனத்தின் புதிய எம்5 அங்கே பொருத்தப்படுவதில்லை. ஜெர்மனியில் முழுமையாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகிறது. 2024 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் காட்சியக விலை 1.99 கோடி ரூபாய். 4.4 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன் தருகின்றன. நின்ற இடத்திலிருந்து 3.5 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். எடை ஏறத்தாழ இரண்டரை டன். இதனைப் 'பிளக்-இன் ஹைபிரிட்' என்கிறார்கள். வீட்டு மின்இணைப்பிலிருந்தே மின்னேற்றிக்கொள்ளக்கூடிய மின்கலம் ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே அதன் பொருள். அம்மின்கலத்தில் பயன்படத்தக்க மின்சாரம் 18.6 யூனிட்.

இனி எரிபொருள் கணக்குக்கு வருவோம். நாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிறோம். ஐரோப்பியர் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்கின்றனர். எம்5 2024இல் வெளிவந்தபோது ஐரோப்பியச் சோதனை முறைப்படி அறிவிக்கப்பட்ட அளவு 100 கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 60. என் ஸ்கூட்டரைவிட அதிகம்! யானை ஆட்டுக்குட்டியைவிடக் குறைவாகத் தின்னும் என்பது போல. ஆனால் அதே சோதனைமுறை இன்னொரு எண்ணையும் தருகிறது. மின்கலம் தீர்ந்த நிலையில் 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டருக்குச் சற்று மேல். அதாவது லிட்டருக்குப் பத்துக்கும் கீழே.

இவ்விரண்டு எண்களில் எதுவும் பொய்யன்று. மின்கலம் நிறைந்த நிலையில் ஒரு சோதனை, தீர்ந்த நிலையில் மற்றொரு சோதனை என்று இருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு, உரிமையாளர் தம் பயணத்தில் எவ்வளவு பங்கை மின்சாரத்தில் ஓட்டுவார் என்று ஓர் அனுமானம் செய்துகொண்டு இரண்டையும் கலக்கிறார்கள். மேற்கண்ட எண்களை வைத்துப் பார்த்தால், பயணத்தில் ஆறில் ஐந்து பங்கு பெட்ரோல் செலவின்றியே நடக்கும் என்று கொண்டிருப்பது தெரிகிறது. ஆகவே அறுபது என்பது எஞ்சினைப் பற்றிய செய்தி என்பதைவிட, காரை வைத்திருப்பவரின் பழக்கத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு என்பதே பொருந்தும்.

இலக்கணம் கற்பிப்பவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. 'அன்றாடம் மின்னேற்றினால் அறுபது கொடுக்கும்' என்பது முழு வாக்கியம். 'மின்னேற்றினால்' என்பதை, நன்னூல் பயின்றோர் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பர். காட்சியகத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் எச்சம் உதிர்ந்துவிடுகிறது. முற்று மட்டும் நிலைத்துவிடுகிறது.

நம் சாலையிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை நகருக்குள் போய்த் திரும்ப 110 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்னேற்றாமல் போனால், 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் வீதம் 11 லிட்டர். லிட்டருக்குப் பத்து. இரவு மின்னேற்றிவிட்டுப் புறப்பட்டு, போகும் வழி முழுவதும் மின்சாரத்தில் ஓடினால் திரும்பும் வழிக்கு மட்டும் ஐந்தரை லிட்டர். லிட்டருக்கு இருபது. நகரத்திலும் மின்னேற்ற இடம் கிடைத்தால் பெட்ரோலே தேவையில்லை. திருக்கழுக்குன்றம் வரை போய்த் திரும்புவதற்கும் அப்படியே. ஒரே கார், ஒரே சாலை, ஒரே ஓட்டுநர். கணக்கு மட்டும் மூன்று.

என்னிடம் பி.ஏ. படித்த ஒருவர் இவ்வகைக் கார் ஒன்றை ஒரு நிறுவன அதிகாரிக்காக ஓட்டுகிறார். எந்தக் கார், எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அதிகாரியின் கடற்கரை வீட்டில் மின்னேற்றி பொருத்தும் வேலை மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. நகரத்து அலுவலகத்தின் வண்டி நிறுத்தத்தில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. காருடன் வந்த மின்வடம் உறை பிரிக்கப்படாமலே டிக்கியில் கிடந்தது. பெட்ரோல் செலவு நிறுவனத்தினுடையது என்பதால் அதிகாரிக்கும் அவசரமில்லை. ஒருநாள் கணக்குப் பிரிவில் யாரோ விளம்பரத் தாளையும் பெட்ரோல் ரசீதுகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அம்பதுக்கு மேல கொடுக்கிற வண்டி உன் கையில மட்டும் எப்படி எட்டு கொடுக்குதுன்னு கேக்கறாங்க ஐயா. ஒரு சொட்டுகூட நான் எடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை என் முன் வைத்தார். தேதி, ஓடிய தொலைவு, ஊற்றிய லிட்டர் என ஐந்து மாதக் கணக்கு அதில் இருந்தது. விளக்கக் கடிதம் கேட்டிருந்தார்கள். "தம்பி, இந்த நோட்டே போதும். இதைப் படிக்க அவர்களுக்கு ஒரு வழி மட்டும் காட்டுவோம்" என்றேன். மின்கலம் தீர்ந்த நிலையில் அக்காருக்கு அறிவிக்கப்பட்ட அளவைத் தேடி எடுத்தோம். குளிர்சாதனமும் நகர நெரிசலும் சேர்ந்தால் அவருடைய எட்டு அதற்கு அருகிலேயே நின்றது. மின்வடத்தின் உறை பிரிக்கப்படவில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதினோம். வேலை தப்பியது. ஆனால் அன்றிலிருந்து, பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அவர் ஓடுமானியைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இது நம் கடற்கரைக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 2021இல் பதிவான கார்கள் தாமே பதிவு செய்த எரிபொருள் தரவுகளைத் திரட்டி, ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக்கூட அளவைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்றது அது. எதிர்பார்த்த அளவுக்கு அவை மின்னேற்றப்படுவதும் இல்லை, மின்சாரத்தில் ஓட்டப்படுவதும் இல்லை என்பதே அது கூறிய காரணம். அந்த அனுமானத்தை 2025 முதல் படிப்படியாகத் திருத்தி வருகிறார்கள். மின்னேற்றாத காரில் மின்கலமும் மோட்டாரும் பெரும்பாலும் சுமைதான். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும்; ஆனால் அதுவும் முதலில் பெட்ரோலிலிருந்து வந்ததே.

மின்னேற்றினால் மட்டும் எல்லாம் இலவசமாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 18.6 யூனிட்டை நிரப்ப, இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 20 யூனிட் வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது என்றாலும், நம் மின்கம்பியில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் வடசென்னையின் அனல் மின்சாரமும் கலந்தே வருகின்றன. பெட்ரோல் கணக்கில் பூஜ்யம் என்றால், அந்தச் செலவு வேறொரு கணக்கில் ஏறியிருக்கிறது என்று பொருள்.

இரண்டு கோடி ரூபாய்க் காரின் எரிபொருள் செலவைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அதை வாங்கும் வசதி எனக்கும் இல்லை. ஆனால் அதை ஓட்டுபவர்கள் நம் மாணவர்கள், நம் தெருக்காரர்கள். எச்சம் உதிர்ந்த வாக்கியத்துக்கு விளக்கம் எழுத வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே இத்தகைய காரின் சாவியை ஓட்டுநரிடம் ஒப்படைப்பவர்கள், மின்கலம் தீர்ந்தபின் அது எவ்வளவு ஓடும் என்னும் அந்த இரண்டாவது எண்ணையும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. ஓட்டுநர்களுக்கும் நான் சொல்ல ஒன்று உண்டு: நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். மின்னேற்றிய நாள், மின்னேற்றாத நாள் என்று.